புகார் எண்ணில் ஒலிக்கும் அக்காவின் பாட்டு

பாசத்துக்கும் பயத்துக்கும் ஒருசேர உரிய பெரிய மாமாவுக்கு,

இந்தக் கடிதத்தில் நான் உண்மையை மட்டுமே எழுதப் போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். அம்மா பின்னால் வந்து நின்று "அதை எழுதாதடி" என்று தலையில் குட்டினாலும், குட்டியதையும் சேர்த்தே எழுதுவேன். "உங்க வீட்ல உண்மை பேசற ஒரே ஆள் நீதான், சனிக்கிழமை என்ன நடந்துச்சுன்னு நீயே எழுது" என்று நீங்கள் போனில் சொன்னது என் மனத்தில் அப்படியே இருக்கிறது. அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவதற்காக, பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அப்பாவின் கண்ணாடிக் கடைக்கு வந்து, கண் பரிசோதிக்கும் சின்ன அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். யாராவது பரிசோதனைக்கு வந்தால், கண்ணுக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பதற்காக அப்பா விளக்கை அணைத்துவிடுவார். ஆகவே சில வரிகள் கோணலாகப் போயிருந்தால் அது என் கையெழுத்தின் குற்றம் அல்ல.

இங்கே நாங்கள் எல்லோரும் நலம், அப்பாவின் வலது காதைத் தவிர. அது ஏன் என்று பிறகு வரும். அங்கே நீங்களும் மாமியும் உங்கள் ரத்த அழுத்தமும் இருக்க வேண்டிய அளவில் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை மாத்திரை போட்ட பிறகு படிக்கவும்.

உங்களுக்கும் அக்காவுக்கும் இருக்கும் ஒப்பந்தத்தை முதலில் நினைவூட்டுகிறேன். அவளுடைய முதல் மேடை நிகழ்ச்சி நல்லபடியாக நடந்தால் அவள் பாடகியாகவே இருக்கலாம். நடக்காவிட்டால், உங்கள் வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவில், உங்கள் கண் பார்வையிலேயே, ஒன்றாம் தேதி முதல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். இதை நீங்கள் சொன்னபோது அக்கா ஒப்புக்கொண்டு கைகொடுத்தாள். நான் சாட்சி.

நான் படித்த வாழ்க்கை வரலாறுகள் எல்லாவற்றிலும் இரண்டாம் அத்தியாயம் "ஆரம்ப காலம்" என்றே இருக்கிறது. அதில் ஓட்டைக் கூரை, ஒழுகும் மழை, கிழிந்த சட்டை ஏதாவது ஒன்று கட்டாயம் வரும். அக்காவின் ஆரம்ப காலத்தில் இவை ஒன்றும் இல்லை, எங்கள் கூரை நன்றாகவே இருக்கிறது. அதற்குப் பதிலாக ஒரு கீபோர்டு இருக்கிறது. அப்பா கடைக்குப் பக்கத்துக் கடையில் வாத்தியங்கள் பழுதுபார்க்கும் ஒற்றைவிரல் அண்ணன், யாரோ கொடுத்துவிட்டு வாங்கிப்போக வராத கீபோர்டை அக்காவுக்குக் கொடுத்தார். (அவருக்கு எல்லா விரல்களும் இருக்கின்றன. ஒரு கையில் எப்போதும் ஸ்க்ரூ டிரைவர் இருப்பதாலும், மறு கையில் தேநீர் டம்ளர் இருப்பதாலும், மிச்சம் இருக்கும் ஒரு விரலால் வாசிப்பார்.) அந்தக் கீபோர்டில் நடுவில் ஒரு கட்டை கிடையாது, பல் விழுந்த மாதிரி இருக்கும். அக்கா அந்தச் சுரமே வராமல் பாட்டுக் கட்டப் பழகிக்கொண்டாள். வந்தே ஆக வேண்டிய இடத்தில் ஒரு மூச்சு விடுவாள். கேட்பவர்கள் அந்த மூச்சில்தான் உருகிப்போவார்கள். பிற்காலத்து ஆராய்ச்சியாளர்கள் இதை அவளுடைய பாணி என்பார்கள். அது பாணி அல்ல, ஓட்டை என்று நான் இங்கே பதிவு செய்கிறேன்.

ஒலிப்பதிவெல்லாம் எங்கள் துணி பீரோவுக்குள். தொங்கும் துணிகள் எதிரொலியை உறிஞ்சிவிடும் என்று அவள் எங்கோ படித்தாளாம். அவள் உள்ளே நின்று பாடுவாள், நான் அவள் காலடியில் போர்வை மடிப்பின்மேல் உட்கார்ந்து பாட்டுத் தாளுக்கு டார்ச் அடிப்பேன். "ஊர்ல பாடறவங்கல்லாம் மேடை ஏறுவாங்க, நம்ம வீட்ல என்னடான்னா பீரோ ஏறுறா" என்று அப்பா வருகிற வாடிக்கையாளர்களிடமெல்லாம் சொல்லுவார். கேலி மாதிரித்தான் இருக்கும், ஆனால் சொல்லாமல் யாரையும் அனுப்ப மாட்டார்.

"வந்துட்டே இருக்கேன்" பாட்டு பிறந்த கதையையும் எழுதிவிடுகிறேன். அது காதல் பாட்டு என்று உலகம் நினைக்கிறது. உண்மையில் அது அப்பாவைப் பற்றியது. ஒரு பாட்டுப் போட்டி முடிந்து அக்காவும் நானும் மண்டப வாசலில் நிற்கிறோம், ஸ்கூட்டரில் அழைத்துப் போக அப்பா வர வேண்டும். போன் செய்தால் "வந்துட்டே இருக்கேன், வளைவுல திரும்பிட்டேன்" என்கிறார். பின்னாலேயே அவர் குரலில் "இப்ப ரெண்டாவது வரியைப் படிங்க பார்ப்போம்" என்றும் கேட்கிறது. கடையை விட்டே கிளம்பவில்லை! அக்கா கோபத்தில் அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்து எழுதியதுதான் அது.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும் என்றாலும், உங்கள் பங்கு என்ன என்று உங்களுக்குத் தெரியுமா என்பது எனக்குச் சந்தேகம். நீங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது அவள் சமையலறையில் அதன் பல்லவியைப் பாடினாள். "நம்ம கம்பெனி போன்ல காத்திருக்கறவங்களுக்கு ஏதோ டொய்ங் டொய்ங்னு ஓடுது, இதைப் போட்டா நல்லா இருக்குமே" என்று உங்கள் போனில் பதிவு செய்தீர்கள். நடுவில் "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம், இணைப்பில் காத்திருங்கள்" என்பதையும் அவளையே சொல்லச் சொன்னீர்கள். முதல் சரணம் முடிந்தது, இரண்டாவது முடிந்தது. மூன்றாவதில்,

மூச்சு வாங்கி நின்னாச்சு,
மணியை ஒருதரம் அடிச்சாச்சு,
கதவைத் திறந்து பார்த்தா, அங்கே...

என்ற இடத்தில் மாமி உங்களுக்கு போன் செய்தார்கள், நீங்கள் பேசிக்கொண்டே வாசலுக்குப் போய்விட்டீர்கள். பதிவு அங்கேயே நின்றுபோனது. நீங்கள் அதைக் கவனிக்காமல் அப்படியே அலுவலகத்தில் கொடுத்துவிட்டீர்கள். ஆகவே உங்கள் புகார் எண்ணில் யார் பொறுமையாகக் காத்திருந்தாலும், "கதவைத் திறந்து பார்த்தா, அங்கே" வரைக்கும் வரும். பிறகு டொக். இணைப்பு போய்விடும். மறுபடி முதலிலிருந்து.

இனி அப்பாவின் வலது காது. பாட்டு எங்களிடமே இருக்கிறது, பாடியவளும் வீட்டிலேயே இருக்கிறாள். ஆனாலும் "கம்பெனி போன்ல வருது" என்பதில்தான் அப்பாவுக்குப் பெருமை. கடைக்குக் கண்ணாடி மாற்ற வருகிறவர்களை உட்காரவைத்து, புகார் எண்ணை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, "எம் பொண்ணு" என்பார். ஆளில்லாத நேரத்தில் தானே காதில் வைத்துக் கேட்பார், அதனால்தான் காது சிவந்து தடித்திருக்கிறது. ஒருநாள் உங்கள் அலுவலகத்தில் யாரோ தவறிப்போய் போனை எடுத்துவிட்டார்கள். அப்பா பதறிப்போய், என்ன சொல்வது என்று தெரியாமல், "தண்ணி உள்ள வருது, வெளிய போகல" என்று சொல்லி முகவரியும் கொடுத்துவிட்டார். மறுநாள் உங்கள் மெக்கானிக் பையோடு வீட்டு வாசலில்.

"மெஷின்ல என்ன சார் பிரச்சினை?"

"மெஷின்ல ஒரு பிரச்சினையும் இல்லப்பா."

"அப்புறம் எதுக்கு சார் கம்ப்ளெயின்ட் குடுத்தீங்க?"

"போனை எடுத்துட்டாங்களே தம்பி, நான் என்ன பண்றது?"

மாமா, இந்த இடத்தில் நான் ஓர் உண்மையை எழுத வேண்டியிருக்கிறது. எழுதாமல் தாண்டிவிடலாமா என்று கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தேன். எங்கள் வீட்டில் இருப்பது உங்கள் கம்பெனி மெஷின் அல்ல. வேறு கம்பெனியுடையது. நீங்கள் வரும்போதெல்லாம் அம்மா அதன்மேல் மேஜைவிரிப்பைப் போட்டுப் பூச்சாடி வைத்துவிடுவார். போன தடவை நீங்கள் அதன்மேல்தான் காபி டம்ளரை வைத்தீர்கள். மெக்கானிக் விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மேடம், இது எங்க கம்பெனியே இல்லையே" என்றார். "அது மெஷின் இல்லப்பா, அது மேஜை" என்றார் அம்மா. அந்த நேரம் பார்த்து மேஜை சுற்ற ஆரம்பித்தது. பூச்சாடி ஆடி ஆடித் தானே நடந்து விளிம்புக்கு வந்தது, அம்மா அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "பழைய மேஜை, அப்பப்ப இப்படித்தான்" என்றார்.

(இங்கே விளக்கு அணைந்தது. ஒரு பெரியவருக்கு டார்ச் அடித்துப் பார்த்தார்கள். இப்போது வந்துவிட்டது.)

மெக்கானிக் நல்ல மனிதர். உங்களிடம் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். நான்தான் சொல்லிவிட்டேன். பாட்டுப் பாடியவள் இவள்தான் என்று தெரிந்ததும் எழுந்து நின்றுவிட்டார். "முன்னாடியெல்லாம் ஒரு வீட்டுக்குப் போனா அடிக்க வருவாங்க தங்கச்சி. இப்ப உங்க பாட்டைப் பாடிக்கிட்டே அடிக்க வர்றாங்க" என்றார். இது அக்காவுக்குக் கிடைத்த முதல் விமர்சனம்.

இப்போது சனிக்கிழமை. வணிக வளாகத்தின் இரண்டாம் தளத்தில், நகரும் படிக்கட்டு முடியும் இடத்துக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் மேடை. அக்கா நீலச் சட்டை, ஒற்றைவிரல் அண்ணன் கீபோர்டு, முதல் வரிசையில் அப்பா, அம்மா, நான். சீருடையும் பையுமாக மெக்கானிக்கும் வேலைக்கு நடுவில் வந்திருந்தார். வேறு யாரும் உட்காரவில்லை. மக்கள் படிக்கட்டில் மேலே வருவார்கள், ஒரு வரி கேட்பார்கள், செருப்புக் கடைக்குள் போய்விடுவார்கள். அக்கா ஒரு பாட்டை இப்படி வரிக்கு ஓர் ஆளாகப் பாடி முடித்தாள். வளாக மேலாளர் கையில் வாக்கி டாக்கியோடு மேடை ஓரத்துக்கு வந்து, "சிங்கர் மேடம், சனங்களுக்குத் தெரிஞ்ச பாட்டு ஏதாச்சும் இருக்கா? இல்லன்னா மைக்கை எடுத்துக்கறேன், தள்ளுபடி அறிவிப்பு நிறைய இருக்கு" என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். இப்போது யோசித்தால் ஆட்டியிருக்க வேண்டாம்.

வந்துட்டே இருக்கேன், வந்துட்டே இருக்கேன்,
வளைவைத் தாண்டினா உன் வீடு!
கதவைச் சாத்தாதே, கண்ணை மூடாதே,
காத்திருந்ததைக் கடனா போடு!

பல்லவி முடிவதற்குள் செருப்புக் கடையிலிருந்து ஓர் அம்மாள், ஒரு காலில் புதுச் செருப்பும் மறு காலில் பழையதுமாக ஓடிவந்து, "ஏய்! அந்தப் பாட்டு!" என்றார். படிக்கட்டில் கீழே இறங்கிக்கொண்டிருந்த ஒருவர் திரும்பி, இறங்கும் படியிலேயே மேலே ஓட ஆரம்பித்தார். ஓடினார், ஓடினார், அதே இடத்தில்தான் இருந்தார். அங்கிருந்தே கத்தினார்: "வந்துட்டே இருக்கேன்னு எத்தன நாளாம்மா சொல்லுவ? எங்கதான்மா இருக்க?" அவ்வளவுதான். கடை கடையாகச் சனம் வந்தது. "டிரம் சுத்துது, துணி சுத்தல!" "எங்க வீட்ல துணி சுத்துது, நிக்கவே மாட்டேங்குது!" "எங்க வீட்டு மெஷின் ஹாலுக்கே நடந்து வந்துடுச்சு!" நான் பார்த்தவரையில் அந்தக் கூட்டம் முழுவதும் கோபமாக இருந்தது, அதே சமயம் ஒருவர் விடாமல் கூடப் பாடியது. சுருதி சேர்ந்து திட்டும் கூட்டத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

அக்கா பாவம், விடாமல் பாடினாள். முதல் சரணம் முடிந்தது. அங்கேதான் அவள், எந்தப் பாடகியும் செய்யாத ஒன்றைச் செய்தாள். அப்பா ஸ்பீக்கரில் போட்டுப் போட்டு எங்கள் எல்லோருக்கும் அந்தப் பாட்டு கம்பெனி போனில் வருகிற மாதிரியே பழகிப்போயிருந்தது. அவள் தன்னை அறியாமல், அதே குரலில், மைக்கில், "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம், இணைப்பில் காத்திருங்கள்" என்று சொல்லிவிட்டாள்.

கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. அப்புறம் கூரை பிய்ந்துபோகிற மாதிரி ஒரு சத்தம். அப்பா மேடையில் ஏறி இன்னொரு மைக்கைப் பிடித்து, "அமைதி! அமைதி! ஒவ்வொருத்தரா சொல்லுங்க!" என்றார். வாய் தவறி, கடைப் பழக்கத்தில், "முதல் வரிசைலேருந்து படிங்க" என்றும் சொன்னார். யாரோ மெக்கானிக்கின் சீருடையைப் பார்த்துவிட்டார்கள். "அதோ ஒருத்தன் நிக்கிறான்டா!" அவர் கீபோர்டுக்குப் பின்னால் ஒளிந்தார், அங்கே ஏற்கெனவே ஒற்றைவிரல் அண்ணன் ஒளிந்திருந்தார். அண்ணன் அடியிலிருந்தே ஒரு விரலை மட்டும் மேலே நீட்டி வாசித்துக்கொண்டிருந்தார். யார் என்ன புகார் சொன்னாலும் மெக்கானிக் அங்கிருந்தே "பார்ட்ஸ் வரணும்! பார்ட்ஸ் வரணும்!" என்றார். அதுவும் தாளத்தில்தான் விழுந்தது. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "எங்க அண்ணன் மூஞ்சில நான் எப்படிடி முழிப்பேன்" என்றார். இதையும் எழுதுவேன் என்று அவருக்குத் தெரியாது.

மாமா, இதுவரைக்கும்கூட இதை நல்ல நிகழ்ச்சி என்று நான் வாதாடியிருப்பேன். கூட்டம் இருந்தது, பாட்டு தெரிந்திருந்தது. இரண்டாம் சரணம் வரும்போது கோபம் குறைந்து சிரிப்புகூட வந்துவிட்டது. அக்காவின் முகம் மெல்ல மலர்ந்தது. மூன்றாம் சரணத்துக்கு வந்தாள். அதன் முடிவுதான் அவளுக்கு உயிர். முதல் இரண்டு சரணங்களும் படிக்கட்டு, மூன்றாவதன் கடைசி வரிதான் வீடு என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். மூச்சு வாங்கி நின்னாச்சு என்று கூட்டமே பாடியது. மணியை ஒருதரம் அடிச்சாச்சு என்று பாடியது. கதவைத் திறந்து பார்த்தா, அங்கே...

"ச்சே!" என்றது கூட்டம். ஒரே குரலில்! எத்தனை தடவை காத்திருந்து அந்த இடத்தில் இணைப்பு போயிருக்கும், பாவம். பழக்கம். சிலர் கையிலிருந்த போனைக்கூடப் பார்த்துக்கொண்டார்கள். பெருமூச்சு விட்டார்கள், பைகளை எடுத்தார்கள், கலைந்து போய்விட்டார்கள். படிக்கட்டில் ஓடிக்கொண்டிருந்தவரும் ஓடுவதை நிறுத்தி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே போய்விட்டார். அக்கா அடுத்த வார்த்தைக்குத் திறந்த வாயோடு நின்றாள். எதிரே ஒரு சின்னக் குழந்தை மட்டும் இருந்தது, அதுவும் ஓடிவந்த செருப்பு அம்மாளின் குழந்தை. மேலாளர் மைக்கை அவள் கையிலிருந்து மெதுவாக எடுத்து, தலையணை உறையில் தள்ளுபடி என்று அறிவித்தார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா பீரோவுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். "ஒண்ணாம் தேதி வந்து சேர்ந்துக்கறேன்னு மாமாகிட்ட சொல்லிடு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. எதிரொலியே இல்லை. துணிகளைப் பற்றி அவள் படித்தது சரிதான். அப்பா பீரோவை மெல்லத் தட்டி, "பாப்பா, அந்தக் கடைசி வரியை எனக்காவது பாடிக் காட்டேன்" என்றார்.

"நீங்களுமா கேட்டதில்ல?"

அப்பா சிவந்த காதைத் தடவிக்கொண்டார். அவர் எப்போதும் போனில்தானே கேட்டார். அம்மாவோ, அவள் வீட்டில் பாடும்போதெல்லாம் மிக்ஸியை ஓடவிட்டிருப்பார். "இந்த வீட்லயே ஒருத்தரும் முழுசா கேட்டதில்லையா?" என்றாள் அக்கா. கேட்டது உலகத்திலேயே நான் ஒருத்திதான். டார்ச் பிடித்தவள் என்ற முறையில்.

ஆகவே மாமா, ஒப்பந்தப்படி நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். அவளுக்கு ஜன்னல் ஓரமாக ஒரு நாற்காலி போட்டு வைக்கவும். கூடவே என்னுடைய சொந்த வேண்டுகோள் ஒன்று. அவள் வந்து சேருவதற்கு முன்பு அந்தப் பாட்டைப் புகார் எண்ணிலிருந்து எடுத்துவிடுங்கள். பழைய டொய்ங் டொய்ங்கையே போடுங்கள். தன் பாட்டு ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை அதே இடத்தில் அறுந்துபோவதை அவள் அங்கே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. அவள் இதைக் கேட்கச் சொல்லவில்லை, நானாகவே கேட்கிறேன்.

மாமிக்கு என் வணக்கத்தையும், அவர்கள் போன் செய்த நேரம் பற்றி எனக்குக் கோபம் எதுவும் இல்லை என்பதையும் தெரிவிக்கவும். உங்கள் ஆசிகள் அக்காவுக்கு முழுவதும், எனக்குத் தேர்வுக்கு மட்டும் கொஞ்சம்.

மாறாத பணிவுடன்,
அக்கா "கலைக்களஞ்சியம்" என்று கூப்பிடும் உங்கள் சின்ன மருமகள்.

பின்குறிப்பு (இரண்டு நாள் கழித்து): மேலே எழுதியது அத்தனையும் உண்மை. ஆனால் தயவுசெய்து அதன்படி எதையும் செய்துவிட வேண்டாம். உறையை ஒட்டப்போன நேரத்தில் அப்பா கடைக்கு ஒருவர் வந்தார். நகரும் படிக்கட்டில் ஓடியவர், மெக்கானிக்கிடம் கடையை விசாரித்துக்கொண்டு! கண்ணில் ஒரு குறையும் இல்லை. "கடைசி வரியைப் படிங்க" என்றார் அப்பா. "சார், அதைக் கேக்கத்தான் வந்தேன். கதவைத் திறந்து பார்த்தா அங்க என்ன? வீட்ல எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு சொல்லி சண்டையா இருக்கு" என்றார். அவருக்குப் பின்னால் செருப்பு அம்மாள். அவருக்குப் பின்னால் நல்ல கண்ணுள்ளவர்களாகவே ஒரு வரிசை. வளாக மேலாளரும் போன் செய்தார்: "சிங்கர் மேடம், வர்றவங்கல்லாம் தலையணை உறை வாங்காம முடிவைக் கேக்கறாங்க. வர்ற சனிக்கிழமை வந்து பாடி முடிச்சுட்டுப் போயிடுங்க, இன்னும் நிறைய நாற்காலி போடறேன்." அக்கா பீரோவிலிருந்து வெளியே வந்துவிட்டாள். ஒற்றைவிரல் அண்ணன் எங்கிருந்தோ அந்த விடுபட்ட கட்டையையும் தேடிப் பிடித்து மாட்டிவிட்டார். அவள் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழைய மூச்சையே விடுகிறாள்.

எனவே உங்கள் ஜன்னல் ஓர நாற்காலி வேண்டாம். பாட்டை எடுக்க வேண்டாம். அது வழக்கம்போல் அதே இடத்தில் அறுந்துபோவதை நீங்களே மேற்பார்வையிட்டு உறுதி செய்யவும். உங்கள் அலுவலகத்தில் யாரும் அவசரப்பட்டு போனை எடுத்துவிட வேண்டாம். எங்கள் மேஜையும் இப்போது பழுதாகிவிட்டது. அந்தக் கம்பெனியில் பாட்டே இல்லை, மணி அடித்ததுமே எடுத்துவிடுகிறார்கள். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை, அடுத்து உங்கள் கம்பெனி மெஷின்தான் என்கிறார்.

அக்காவுக்கு நேற்று நீங்களும் "அங்கே என்ன?" என்று செய்தி அனுப்பினீர்களாம். சனிக்கிழமை வந்து கேட்கச் சொல்கிறாள். அப்பாவுக்கும் அதே பதில்தான். யாருக்கும் சொல்வதில்லை என்று நானும் சத்தியம் செய்திருக்கிறேன். ஆனால் இந்தக் கடிதத்தில் எதையும் மறைக்க மாட்டேன் என்று முதல் வரியிலேயே வாக்குக் கொடுத்தவள் நான், அந்த வாக்குத்தான் மூத்தது. ஆகவே உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். மாமியிடம்கூடச் சொல்லக் கூடாது. அவன் மணியை ஒருதரம் அடிக்கிறான், கதவைத் திறந்து பார்க்கிறான், அங்கே

யாரோ பரிசோதனைக்கு வந்திருக்கிறார்கள். அப்பா விளக்கை அணைத்துவிட்டார்.